இரண்டாம் தொகுதிச் சிப்பிகள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் பணி அனுபவத்திலிருந்து ஏதாவது சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒழுங்காகச் செய்தவை ஆண்டறிக்கைகளில் இருக்கின்றன. நூலகத்தில் தூசி தட்டினால் கிடைக்கும். அறிக்கையில் ஏறாத ஒன்றைச் சொல்கிறேன். என் பணிக்காலத்தில் பதினாறு ஆண்டுகள் நான் ஒரு பெண்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டே வேலை செய்தேன். அவள் பெயர் கோமதி. உங்களில் பலர் அவளுடைய கட்டுரைகளைப் படித்துவிட்டுத்தான் இந்தத் துறைக்கே வந்திருப்பீர்கள். எனக்கு எதிரே உட்கார்ந்து அதைச் சொல்லவும் செய்வீர்கள். பரவாயில்லை, பழகிவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே கடலோரத்தில் சின்ன ஆராய்ச்சி நிலையம். ஜன்னல் கம்பிகளை உப்புக் காற்று தின்றுகொண்டிருக்கும். நான் செங்கல்பட்டிலிருந்து நிலையத்துப் பேருந்தில் வருவேன். திருக்கழுக்குன்றம் தாண்டி அணுபுரத்தில் கோமதி ஏறுவாள். அவள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். கணவர் பொறியாளர், அணுபுரத்தில் குடியிருப்பு. அவளுக்காக நான் பக்கத்து இருக்கையில் பையை வைத்து இடம் பிடித்திருப்பேன். இருவருக்கும் தற்காலிக வேலை. ஒரே அறை, இரண்டு மேசை, ஒரு குளிர்பெட்டி.

கடற்பாறையில் பச்சைச் சிப்பி எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. கடையில் விற்கும் எந்தப் பசையும் ஈரத்தில் ஒட்டாது. இந்தச் சிப்பியோ தண்ணீருக்குள் இருந்தபடியே நார் நாராக விட்டுப் பாறையைப் பிடித்துக்கொள்ளும். அந்த நாரின் முக்கியமான புரதத்தில் அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் கண்டுபிடித்தது நான். இரண்டரை ஆண்டு வேலை. இதை மட்டும் எங்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வரிசையை, ஓர் அமினோ அமிலத்துக்கு ஓர் எழுத்தாக எழுதி, மின்னஞ்சலில் வெளிநாட்டுக் கணினி ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். அது தனக்குத் தெரிந்த எல்லாப் புரதங்களோடும் ஒப்பிட்டு விடை அனுப்பும். விடை வந்தது. முக்கால் பங்கு வெறும் எக்ஸ். எக்ஸ், எக்ஸ், எக்ஸ் என்று வரிவரியாக. எனக்கு அழுகை வரப் பார்த்தது. தாளை மடித்துக் கழிவுக் கூடையில் போட்டேன்.

கோமதி கணக்குப் போடக் கழிவுத் தாள் எடுப்பவள். மறுநாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“சாரதா, ஒன் புரதம் முழுக்க எக்ஸா இருக்கே, என்னது இது?”

“ஒரே எழுத்துக் கூட்டம் திரும்பத் திரும்ப வந்தா அந்த புரோகிராமே மறைச்சிடும். அதுல தகவல் கிடையாது. கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி.”

“மறைக்கதுக்கு முந்தி என்ன இருந்துச்சு?”

“பத்து எழுத்து. அதே பத்து எழுத்து ஐம்பது அறுபது தடவை.”

“அத்தனையும் அச்சு அசலா ஒண்ணுதானா?”

“கிட்டத்தட்ட.”

“கிட்டத்தட்டன்னா?”

எனக்கு எரிச்சல் வந்தது. ஏன் என்று அப்போதே தெரியும். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கவில்லை.

அன்று மாலைக்குள் அவள் என் வரிசையை வரிக்குப் பத்து எழுத்தாக, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டாள். வாத்தியார் தண்டனையாக எழுதச் சொன்ன ஒரே வாக்கியம் போலத் தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் சில வரிகளில் ஏழாவது எழுத்து மாறியிருந்தது, சிலவற்றில் இரண்டாவது. அவற்றைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டிருந்தாள். மாறிய வரிகள் சிதறிக் கிடக்கவில்லை. நாலைந்து வரிகள் அடுத்தடுத்துச் சேர்ந்தே மாறியிருந்தன.

“மாறின வரியத்தான் அது மறுபடியும் நகல் எடுத்திருக்கு பாரு. குடும்பம் பெருகுத மாதிரி,” என்றாள் கோமதி.

உங்களுக்கு இது பாடப்புத்தகம். மரபணு நகலாகும்போது இப்படித் திரும்ப வரும் இடங்களில் கை வழுக்கும். ஒரு பிரதி கூடும், ஒரு பிரதி குறையும். பழைய பிரதிகள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது புதுப் பிரதி ஓரிரு எழுத்தை மாற்றிப் பார்க்கலாம். கெட்டால் நஷ்டம் குறைவு, நன்றாக வந்தால் அது பெருகும். புரதம் புதிதாக ஒன்றாக மாறுவதற்கு அதுவும் ஒரு வழி. அன்று எங்கள் கட்டடத்தில் அப்படி யாரும் பேசவில்லை. ஒழுங்காக மடிந்து வடிவம் எடுக்கும் புரதங்களுக்குத்தான் மரியாதை. திரும்பத் திரும்ப வருவது குப்பை. நானும் அப்படித்தான் படித்திருந்தேன்.

அதோடு போயிருந்தால் பொறாமை பெரிதாகியிருக்காது. இன்னொன்றையும் நானே அவளுக்குக் கொடுத்தேன். ஒரு வருடம் முன்பு எட்டுச் சிப்பிகளிலிருந்து அந்த மரபணுப் பகுதியை மட்டும் பெருக்கி நீளம் பார்த்திருந்தேன். எட்டும் எட்டு நீளமாக வந்தன. பெருக்கும் இயந்திரம் வழுக்கியிருக்கிறது என்று முடிவுகட்டிப் படத்தின் பின்னால் ‘குப்பை’ என்று எழுதி இழுப்பறையில் போட்டுவிட்டேன். கோமதி அதைப் பார்த்துவிட்டு, “இத நான் எடுத்துக்கிடட்டுமா?” என்றாள். “தாராளமா,” என்றேன். ஒரே சிப்பியை எடுத்து மூன்று முறை திரும்பத் திரும்பச் செய்தாள். மூன்று முறையும் ஒரே நீளம். இயந்திரம் வழுக்கியிருந்தால் மூன்றும் மூன்று விதமாக வந்திருக்கும். நீளம் வேறுபடுவது நிஜம். சிப்பிக்குச் சிப்பி பிரதிகளின் எண்ணிக்கை வேறு.

மூன்று முறை செய்து பார்ப்பது. அவ்வளவுதான். ஒரு பகல் வேலை. எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நான் அவள் குரலைக் கேட்டாலே என் வேலையை நிறுத்தி எதிர்மேசையைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவளுக்கு வரும் கடிதங்களின் முத்திரையைப் பார்ப்பேன். நிலையத் தலைவர் அவளிடம் எத்தனை நிமிடம் பேசினார், என்னிடம் எத்தனை நிமிடம் என்று மனசு கணக்கு வைக்கும். பேருந்தில் பக்கத்திலேயே உட்காருவாள், டிபன் டப்பாவைத் திறந்து இட்லியை என் கையில் வைப்பாள். நானும் வாங்கிச் சாப்பிடுவேன். இட்லி நன்றாகத்தான் இருக்கும். அதுவும் பிடிக்காது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கோமதி ஒரு பெரிய கேள்விக்குப் போனாள். அலை மோதும் பாறையில் வாழும் சிப்பிக்கு அதிகப் பிரதிகள் தேவைப்படுமா? அமைதியான கழிமுகத்தில் இருப்பதற்குக் குறைவாகப் போதுமா? மாமல்லபுரத்துப் பக்கத்துப் பாறைகளிலிருந்து இரண்டு தொகுதி, முட்டுக்காட்டுக் கழியிலிருந்து இரண்டு தொகுதி எடுத்தாள். விடை அழகாக வந்தது. பாறைச் சிப்பிகளின் புரதம் நீளம், கழிச் சிப்பிகளுடையது குட்டை. அதிலும் பாறையிலிருந்து எடுத்த இரண்டாம் தொகுதி மிக நீளம். இயற்கை கண்முன்னே தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம் போல இருந்தது.

அதே சமயம் நிலையத்தில் ஒரே ஒரு நிரந்தர இடம் வந்தது. எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான். வெளியிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வரும், இருவரும் அவர்கள் முன்னால் பேச வேண்டும். தலைவர் என்னைக் கூப்பிட்டு, “கோமதியின் குறிப்பேடுகளை நீ ஒரு தடவை பார்த்துடு. குழு வருவதற்கு முன்னாடி வேறொரு கண் பார்த்தா நல்லது,” என்றார். கோமதியே கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

நான் அவற்றைப் படித்ததுபோல என் சொந்தக் குறிப்பேட்டைக்கூடப் படித்ததில்லை. ஒவ்வொரு கூட்டலையும் போட்டுப் பார்த்தேன். எங்கேயாவது ஒரு பிழை இருக்க வேண்டும் என்று சாமியை வேண்டாத குறை. கூட்டல் எல்லாம் சரி. அப்போதுதான் இரண்டாம் தொகுதிக்கு எதிரே இருந்த தேதி கண்ணில் பட்டது. ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு நாள். எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. கொளவாய் ஏரி நிரம்பிச் சாலையில் தண்ணீர் ஓடியது. எங்கள் பேருந்து வந்து சேரப் பதினொரு மணி ஆயிற்று. கட்டடத்துக்குள் இருந்தே கடலின் இரைச்சல் கேட்டது. கோமதி அன்று வரவில்லை, மகனுக்குக் காய்ச்சல். அப்படிப்பட்ட நாளில் அலை மோதும் பாறையிலிருந்து சிப்பி எடுத்தது எப்படி?

சிப்பி எடுத்துக் கொடுப்பவர் ஏழுமலை. சதுரங்கப்பட்டினத்து மீனவர், நிலையத்தில் நாள் கூலி. நாற்பது வயது இருக்கும். அவர் மூச்சடக்கி முங்கினால் பார்க்கும் நமக்கு மூச்சு முட்டும். பின்பக்கத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா, வெயில்ல இந்தாண்ட வந்துகீறே?”

“ஏழுமலை, அன்னைக்கு ஏரி ஒடைஞ்ச மாதிரி தண்ணி வந்துச்சே, அன்னைக்கு நீங்க பாறைக்குப் போனீங்களா?”

அவர் துடைப்பத்தைக் கீழே போட்டார்.

“அன்னிக்கு கடல் செம பேஜாரும்மா. பாறையாண்ட போனா ஆளையே தூக்கி அடிச்சிடும்.”

“பின்ன சிப்பி?”

“முட்டுக்காட்ல எம் மச்சான் வூட்ல காது குத்து. போய்ட்டு வர்றப்போ அங்க படகு கட்ற கட்டைல கொத்துக் கொத்தா ஒட்டிகினு இருந்துச்சு. கோணில போட்டு எடுத்தாந்துட்டேன். சிப்பிதானம்மா வோணும், எங்க இருந்தா இன்னா?”

“கோமதி மேடம்கிட்ட சொன்னீங்களா?”

“யாரும் கேக்கலியே.” என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் சிறியதல்ல என்று தெரிந்துவிட்டது. “பெரிய சாராண்ட சொல்லிடாதம்மா. நிறுத்திடுவாங்க. ரெண்டு பொண்ணு கீது எனக்கு.”

“சொல்ல மாட்டேன்,” என்றேன்.

அந்த வாக்கை நான் ஏன் அவ்வளவு வேகமாகக் கொடுத்தேன் என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன். மிக நீளமான புரதம் இருந்த தொகுதி பாறையிலிருந்து வந்ததே இல்லை. அதைக் கழிப் பக்கத்தில் மாற்றிப் போட்டால் கோமதியின் வித்தியாசம் முழுக்கக் காணாமல் போகும். வீட்டுக்குப் போய் நானே போட்டுப் பார்த்தேன். போயிற்று. அன்று இரவுச் சாப்பாடு எனக்கு ருசித்தது. இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தலைவரிடம் குறிப்பேடுகளைத் திருப்பிக் கொடுத்து, “கூட்டல் எல்லாம் சரியா இருக்கு சார்,” என்றேன். அது பொய்யில்லை.

குழு வருவதற்குப் பதினொரு நாட்கள் இருந்தன. ஏழுமலைக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதே சமயம், கோமதி பேசி முடித்ததும் எழுந்து கேட்க வேண்டிய கேள்வியையும் தயார் செய்துகொண்டிருந்தேன். மரியாதையான கேள்வி. ‘இரண்டாம் தொகுதி எடுத்த அன்று கடல் எப்படி இருந்தது?’ அவ்வளவுதான். குளிக்கும்போது சொல்லிப் பார்ப்பேன். கேட்டால் ஏழுமலையின் வேலை போகும் என்பது அந்த ஒத்திகைகளில் ஒருமுறைகூட என் நினைவுக்கு வரவில்லை. கருணை காட்டுகிறோம் என்று தோன்றும்போது அந்தக் கருணையால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். எனக்கு அன்று அதைச் சொல்ல ஆள் இல்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

அந்த நாள் காலை கோமதி அணுபுரத்தில் ஏறினாள். பட்டுப் புடவை, கையில் அட்டைக் கவர், அதற்குள் திரையில் போட்டுக் காட்டும் ஒளிபுகும் தாள்கள். உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்தாள்.

“சாரதா, உள்ளதச் சொல்லு. எங்கயாவது ஓட்ட இருக்கா? ஒனக்குத் தெரியாத ஓட்ட வேற எவனுக்கும் தெரியாது.”

பேருந்து சதுரங்கப்பட்டினம் முனையில் திரும்பும்வரை எனக்கு நேரம் இருந்தது. வெளியே வலை காய்ந்துகொண்டிருந்தது.

“ஒண்ணும் இல்ல,” என்றேன்.

இதுதான் பொய். மற்றவையெல்லாம் மௌனம். இது பொய்.

முதலில் நான் பேசினேன். சுமாராகப் பேசினேன். பிறகு கோமதி. அவள் பேச ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்தில் குழுவின் மூவரும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். பத்து எழுத்து வரிகளைத் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டு, எந்த வரியிலிருந்து எந்த வரி பிறந்திருக்கும் என்று காட்டினாள். பிறகு, “நீளம் வேறுபடுவதை முதலில் பார்த்தவர் இங்கே உட்கார்ந்திருக்கும் சாரதா,” என்று என் பழைய படத்தைப் போட்டாள். எனக்கு நன்றி தோன்றவில்லை. எல்லார் முன்னிலும் தன் பெருந்தன்மையையும் காட்டிக்கொள்கிறாளே என்றுதான் தோன்றியது.

பிறகு நான்கு தொகுதிகளின் புகைப்படங்கள். குழுவின் தலைவர் வயதானவர், கடலோரத்திலேயே காலம் கழித்தவர். இரண்டாவது படத்தில் கையை உயர்த்தினார்.

“இது எந்தப் பாறை?”

கோமதி சொன்னாள்.

“அலை அடிக்கும் இடத்துச் சிப்பிக்கு ஓடு தடிமனாக, தேய்ந்து, வடுப்பட்டு இருக்கும். இது வழுவழுவென்று இருக்கிறதே அம்மா. உறுதியாகத் தெரியுமா?”

கோமதி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “எடுத்தவரே வெளிய நிக்காரு சார். கேட்டுருவோம்,” என்று கதவைத் திறந்து கூப்பிட்டாள்.

ஏழுமலை தோளில் துண்டோடு உள்ளே வந்தார். குளிர்சாதன அறைக்குள் அவர் அதற்கு முன் வந்ததில்லை. வந்தவுடன் துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

“ஏழுமலை, இந்தச் சிப்பி பாறையிலதான எடுத்தீங்க?” என்றாள் கோமதி. நம்பிக்கையோடு கேட்டாள். ஒப்புக்குக் கேட்ட கேள்வி.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் பதினொரு நாள் ஒத்திகை பார்த்த காட்சி இதுவேதான். நான் கேட்க வேண்டியதை வேறொருவர் கேட்டுவிட்டார். நான் சும்மா இருந்தால் போதும். ஆமாம் என்று அவர் சொன்னால் ஒரு பொய், கோமதிக்கு வேலை. இல்லை என்றால் அவருக்கு வேலை போகும், கோமதி அத்தனை பேர் முன்னால் உடைவாள், எனக்கு இடம். அவர் வாயைத் திறந்தார். இரண்டு பெண் பிள்ளைகள் உள்ளவர் எந்தப் பக்கம் சொல்லியிருப்பார் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

நான் எழுந்து நின்றேன். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது.

“சார், அந்தத் தொகுதி முட்டுக்காட்டிலிருந்து வந்தது. அன்று கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. பாறைக்குப் போயிருந்தால் அவர் திரும்பி வந்திருக்க மாட்டார். எங்கே எடுத்தாய் என்று எங்களில் யாரும் அவரைக் கேட்கவில்லை. தவறு எங்களுடையது.”

எப்போது தெரிந்தது என்பதைச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

கோமதி திரையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அந்தத் தாளை எடுத்துவிட்டு, வெறும் தாளில் எல்லார் முன்னிலும் இரண்டாம் தொகுதியைக் கழிப் பக்கத்தில் மாற்றிப் போட்டுச் சராசரி கணக்கிட்டாள். வித்தியாசம் போயிற்று.

“அலை பத்தி நான் சொன்னது நிக்காது சார். நீளம் மாறுறது மட்டும் நிக்கும். ஏழுமலையக் குறை சொல்ல ஒண்ணும் இல்ல, நான்தான் போயிருக்கணும்,” என்றாள்.

ஏழுமலையை யாரும் நிறுத்தவில்லை. நிரந்தர இடம் எனக்குக் கிடைத்தது. சகபணியாளரின் பிழையை இக்கட்டான நேரத்தில் நேர்மையோடு எடுத்துச் சொன்னார் என்று குழு என்னைப் பற்றிக் குறிப்பு எழுதியதாக நிலையத் தலைவர் சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டபோது என் காது சுட்டது. அன்று மாலைப் பேருந்தில் கோமதி, “நீ சொல்லலன்னா தப்பான பேப்பர் வந்து நான் சந்தி சிரிச்சிருப்பேன்,” என்றாள். அணுபுரம் வரும்வரை வேறு எதுவும் பேசவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த ஆண்டே அவள் கணவருக்கு ஹைதராபாத்துக்கு மாற்றல் வந்தது. போகும்போது சுவரிலிருந்த தாளை மட்டும் கழற்றி எடுத்துப் போனாள். ‘எனது வரிசை’ என்று மனசுக்குள் ஒரு குரல் கத்தியது. சிரித்துக்கொண்டே வழியனுப்பினேன்.

இடம் கிடைத்துவிட்டதே, பொறாமை தீர்ந்திருக்கும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஹைதராபாத்தில் கோமதி ஒரு பல்கலைக்கழகத்தில் சின்ன வேலையில் சேர்ந்து, அலைக் கதையை விட்டுவிட்டு, நிற்கும் என்று சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டாள். ஒரே பாறையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் சிப்பிகளுக்குள் பிரதிகள் எப்படிக் கூடுகின்றன, எப்படிக் குறைகின்றன என்று எழுதினாள். பிறகு பட்டு, சிலந்தி நூல், முட்டைத் தோல் என்று, எங்கெல்லாம் புரதம் தன்னையே திரும்பச் சொல்கிறதோ அங்கெல்லாம் போனாள். மற்றவர்கள் எக்ஸ் போட்டு மறைத்த இடங்களே அவள் வயல். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் கருத்தரங்குகளில் அவள் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார்கள். நான் நிரந்தர நாற்காலியில் உட்கார்ந்து குழாய்களில் சிப்பி ஒட்டாமல் தடுக்கும் பூச்சுகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். தேவையான வேலைதான். ஆனால் நூலகத்துக்குப் புது இதழ் வந்தால் முதலில் அவள் பெயரைத் தேடுவேன். இருந்தால் வயிறு எரியும். அடுத்து, திருத்தங்கள் வெளியாகும் கடைசிப் பக்கத்தில் தேடுவேன். அங்கே ஒருமுறையும் இல்லை.

அதற்கும் சில ஆண்டுகள் கழித்து ஒருநாள் அவளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பல ஆண்டுகளின் வேலையைச் சேர்த்து எழுதிய நீண்ட கட்டுரை. இதழுக்கு அனுப்புவதற்கு முன் நான் படித்துப் பார்க்க வேண்டுமாம். இரண்டு நாள் பதில் எழுதவில்லை. மூன்றாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“எனக்கு ஏன் அனுப்புற கோமதி? உன்கிட்ட இப்ப எத்தனையோ பேர் இருக்காங்க.”

“இருக்காங்க. என்னப் பிடிச்சுப்போய்ப் படிக்காங்க. நீ அப்படிப் படிக்க மாட்ட.”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“பதினோரு நாளு, இல்லையா?” என்றாள். கோபம் இல்லாத குரல். “ஏழுமலை அன்னைக்கே, பஸ் ஏறதுக்கு முன்னாடி சொல்லிட்டாரு. அந்தம்மா சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டு நம்மளக் காப்பாத்திடுச்சுன்னு அழுதாரு. நீ என்னைக்கு வந்து கேட்டன்னும் சொன்னாரு. நான் நாளக் கணக்குப் பண்ணிக்கிட்டேன்.”

“அப்ப பஸ்ல எனக்கு நன்றி சொன்னியே?”

“வேற என்னத்தச் சொல்ல? ஒன்னப் பாத்தா கன்னத்துல ஒண்ணு விடணும் போல இருந்துச்சு. பஸ்ல முடியுமா? ரெண்டு வருஷம் ஒன் பேரக் கேட்டாலே எனக்கு ஆகாது. அப்புறம் ஒண்ணு யோசிச்சேன். என் நோட்ட அத்தன பேரு பாத்தாங்க. தலைவர் பாத்தாரு, நானே நூறு தடவ பாத்தேன். தேதியப் பாத்தது நீ ஒருத்திதான். ஒனக்கு என் மேல இருக்கது எனக்கு எப்பவோ தெரியும் சாரதா. அதோடயே படி. இந்தத் தடவ பதினோரு நாளு எடுத்துக்கிடாத.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “அதெல்லாம் பேப்பர முடிச்சுட்டுக் கேளு,” என்று வைத்துவிட்டாள்.

நான் விடுப்புப் போட்டுக்கொண்டு படித்தேன். செங்கல்பட்டு வீட்டு மாடியறையில், பழைய நாட்களைவிட மோசமாக, ஒவ்வொரு எண்ணின் கழுத்தையும் பிடித்து உலுக்கினேன். ஒவ்வொரு மாதிரியும் எங்கே எடுக்கப்பட்டது, யார் எடுத்தது, அன்று வானிலை என்ன என்று இணைப்பில் வரிசையாக எழுதியிருந்தாள். எடுத்தவர்கள் ஒவ்வொருவரின் பெயரும் இருந்தது. முதல் பெயர் ஏழுமலை. ஒரு முடிவுக்கு இரண்டு வழி இருக்கலாமே என்று நான் பிடித்த இடத்தில் எல்லாம் அடுத்த பத்தியில் அவளே அந்த இரண்டாம் வழியைச் சோதித்து மூடியிருந்தாள். நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் கணினி முன் உட்கார்ந்தேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பொறாமைப்படாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, சொன்னாலும் படுவீர்கள். படுகிறவர் கண்ணுக்குத்தான் பிழை தெரியும். தெரிந்ததும் அன்றைக்கே, தனியாக, அந்த ஆளிடமே போய்ச் சொல்லுங்கள். நான் ஒருநாள் தாமதித்திருந்தால் அது கவனம். பதினொரு நாள் தாமதித்ததற்கு வேறு பெயர்.

அன்று கோமதிக்கு ஒரே வரி எழுதினேன்: ‘பிழை எதுவும் இல்லை.’ என் பணிக்காலத்தில் எழுதியவற்றில் அந்த வரிக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. அனுப்பிவிட்டுக் கீழே போய்ச் சாப்பிட்டேன். மறுநாள் காலையில் எழுந்ததும் கட்டுரையை மறுபடி திறந்தேன், ஓர் எழுத்துப்பிழையாவது இருக்காதா என்று.